கோபுரங்கள் மறுபடி விழுந்த அறை: ஒரு விஆர் சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

2002இல் 'சைபர்சைக்காலஜி அண்ட் பிஹேவியர்' என்ற ஆய்விதழில் ஏழே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர்: நியூயார்க் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உளவியலாளர் ஜோஆன் டிஃபீடே, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மன். கட்டுரையில் இருப்பது ஒரே ஒரு நோயாளி. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத் தாக்குதலில் உயிர் தப்பிய பெண். விஆர், அதாவது கணினியில் கட்டிய மெய்நிகர் உலகைக் காட்டும் கருவியைத் தலையில் மாட்டி, அன்று காலை நடந்ததை அவர் கண்முன் திரும்ப ஓட்டிக் காட்டினார்கள். மொத்தம் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முடிவில் அவருடைய பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்பு) அறிகுறிகள் 90 சதவீதமும், மனச்சோர்வு 83 சதவீதமும் குறைந்திருந்தன.

கேட்டதும் நமக்குத் தோன்றுவது என்ன? படம் அத்தனை தத்ரூபமாக இருந்திருக்கும், பார்த்ததும் நினைவு விழித்திருக்கும். எனக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. 2001-02இன் கணினி வரைகலையை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். பெட்டி பெட்டியாகக் கட்டடங்கள், வெளிறிய வானம், பொம்மை போல விழும் மனித உருவங்கள். அந்தப் படத்துக்குள் நினைவு எதுவும் கிடையாது. நினைவு முழுவதும் அந்தப் பெண்ணிடம் இருந்தது. அதை எடுத்துப் பேச முடியாமல் தடுத்தது எது, அந்த மட்டமான படம் அந்தத் தடையை எப்படித் தாண்டியது என்பதுதான் இந்த நிகழ்வில் பார்க்க வேண்டியது.

கண்ணை மூடிச் சொன்னபோது

விஆர் அவருக்குத் தரப்பட்ட முதல் சிகிச்சை இல்லை. வழக்கமான முறையை முதலில் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. இதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அந்த வழக்கமான முறை, கற்பனை வழியாக நினைவை எதிர்கொள்வது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா வளர்த்தெடுத்த சிகிச்சையின் மையப் பகுதி இது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். 'அன்றைக்கு நின்றேன்' என்று சொல்லக் கூடாது, 'நிற்கிறேன், மேலே பார்க்கிறேன், சத்தம் கேட்கிறது' என்று இப்போது நடப்பதாகவே சொல்ல வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிகிச்சையாளர் குறுக்கிட்டு, 'பதற்றம் இப்போது எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள்?' என்று கேட்பார். நோயாளி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பேச்சு முழுவதும் பதிவாகும். வீட்டுக்கு எடுத்துப் போய் தினமும் கேட்க வேண்டும்.

முரட்டு வைத்தியமாகத் தெரியலாம். அதன் பின்னால் இருக்கும் கணக்கு இது: பயம் மனதில் ஒரு பின்னலாகக் கிடக்கிறது. விமான ஓசை, புகை வாசனை, ஓடிய கால்கள், 'செத்துவிடுவேன்' என்ற நினைப்பு எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கும். அந்தப் பின்னலை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அது உயிர்பெற வேண்டும். உயிர்பெற்ற நேரத்தில், நினைத்தது போல எதுவும் நடக்கவில்லை, உட்கார்ந்திருக்கும் அறை பத்திரமானது என்ற புதுச் செய்தி உள்ளே போக வேண்டும். ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986இல் எழுதி வைத்த கோட்பாடு இதுதான்.

பின்னல் உயிர்பெறாவிட்டால் எத்தனை முறை சொன்னாலும் வீண். பிடிஎஸ்டியின் முக்கிய அறிகுறிகளில் ஒன்றே தவிர்த்தல்தான். அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பது, பேச்சை மாற்றுவது, உள்ளே மரத்துப்போவது. எந்த வேலையை நோய் தடுக்கிறதோ அதே வேலையைத்தான் சிகிச்சை செய்யச் சொல்கிறது. சிலர் முழுக் கதையையும் பஸ் டைம்டேபிள் படிப்பது போல ஒப்பித்துவிடுவார்கள். தகவல் எல்லாம் சரியாக இருக்கும், உணர்ச்சி மட்டும் எட்டிப் பார்க்காது. இந்தப் பெண்ணின் விஷயத்தில் டிஃபீடேயும் ஹாஃப்மனும் கண்ட குறையும் இதுதான். உணர்ச்சி ஈடுபாட்டைக் கூட்டுவதற்காகத்தான் விஆரைக் கொண்டுவந்தோம் என்று கட்டுரையில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

சிலந்தியும் பனியும்

இந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது சுவாரசியமான கதை. ஹாஃப்மன் அதற்கு முன்பே விஆரை வைத்து இரண்டு வேலைகள் செய்திருந்தார். முதலாவது சிலந்தி பயம். 1997இல் வெளியான நிகழ்வு அறிக்கை ஒன்றில், 37 வயதுப் பெண் ஒருவருக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் மெய்நிகர்ச் சிலந்தியைக் காட்டிச் சிகிச்சை அளித்த விவரம் இருக்கிறது. கண்ணுக்குத் திரையில் சிலந்தி. அதைத் தொடக் கை நீட்டினால் அதே இடத்தில் ரோமம் அடர்ந்த பொம்மைச் சிலந்தி கையில் படும். பார்ப்பதும் தொடுவதும் ஒன்றையே சொல்லும்போது மூளை வாதாடுவதில்லை.

இரண்டாவது தீக்காயம். காயத்தைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும்போது வரும் வலி, மருந்துக்கும் அடங்காதது. அந்த நேரத்தில் நோயாளிக்கு ஹெட்செட் மாட்டி, பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் பனிமனிதர்கள் மீதும் பென்குயின்கள் மீதும் பனியுருண்டை எறிய விட்டார் ஹாஃப்மன். கவனம் அங்கே போனதும் வலி குறைந்தது. 'ஸ்னோவேர்ல்டு' என்று அதற்குப் பெயர்.

டிஃபீடே பணியாற்றியதும் தீக்காயப் பிரிவில்தான். கோபுரங்களில் தீப்பிடித்துப் பிழைத்தவர்கள் பலர் கொண்டுவரப்பட்டது அவர்களுடைய மருத்துவமனைக்கு. உடம்புக் காயத்தை ஆற்ற வந்த அதே தொழில்நுட்பத்தை இருவரும் மனக் காயத்தின் பக்கம் திருப்பினார்கள்.

சிலந்திக்கும் கோபுரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிலந்தி எங்கும் இருக்கிறது. விஆர் இல்லாவிட்டாலும் ஒரு டப்பாவில் பிடித்து வைத்துக் காட்டலாம். சாலை விபத்தில் சிக்கியவரை அதே சாலைக்குக் கூட்டிப் போகலாம், மின்தூக்கிக்குப் பயப்படுபவரை மின்தூக்கியில் ஏற்றலாம். உண்மையான இடத்துக்குக் கூட்டிப் போவது இந்தச் சிகிச்சையில் பாதி பலம். இந்தப் பெண்ணை எங்கே கூட்டிப் போவது? மன்ஹாட்டனின் தென்முனையில் இடிபாட்டை அள்ளி முடிக்கவே 2002 மே மாதம் ஆயிற்று. அந்த இரண்டு கோபுரங்களும் இன்னும் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் அந்தக் கணினிக்குள்தான். படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும், அவரை அழைத்துப் போக வேறு இடமே கிடையாது. விஆரின் பெருமையைப் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

படிப்படியாக

அமர்வு எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் நினைப்பது போல எடுத்த எடுப்பில் வெடிப்பைக் காட்டவில்லை.

முதல் காட்சியில் ஒன்றுமே நடக்காது. கோபுரங்கள் நிற்கின்றன. தெருவில் வழக்கமான நகரத்து இரைச்சல். ஒரு விமானம் மேலே வருகிறது, கோபுரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவுதான். இதைப் பதற்றம் தணியும் வரை திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அடுத்தது, விமானம் கோபுரத்தில் மோதும், ஆனால் வெடிக்காது. அதற்கடுத்து வெடிக்கும், ஆனால் சத்தம் இருக்காது. பிறகு சத்தத்துடன். அப்புறம் ஓட்டை விழுந்து புகையும் கோபுரம், முதலில் அலறல் இல்லாமல், பிறகு அலறலுடன். பிறகு மேலிருந்து குதிக்கும் மனிதர்கள். இரண்டாவது விமானம். ஒரு கோபுரம் சரிந்து புழுதி மேகம் எழுவது, பிறகு மற்றதும் சரிவது. கடைசியாக இடையில் நிறுத்தாமல் முழுவதும்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு எப்போது போவது என்பதை நிரல் தீர்மானிக்காது. பக்கத்தில் விசைப்பலகையோடு உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் தீர்மானிப்பார். நோயாளி ஹெட்செட்டுக்குள் இருந்தபடியே தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். பூஜ்யம் முதல் நூறு வரையிலான எண் கேள்வி இங்கும் உண்டு. எண் இறங்கினால்தான் அடுத்த படி.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, நினைவை இப்படிப் பிரித்து எடுக்க மனதால் முடியாது. 'வெடிப்பை நினை, ஆனால் சத்தம் இல்லாமல் நினை' என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நினைவு வந்தால் மொத்தமாக வரும், இல்லையென்றால் வரவே வராது. விஆரில் ஒலியைத் தனியாக, தீயைத் தனியாக, அலறலைத் தனியாக அளந்து கொடுக்க முடிகிறது. கற்பனை முறையால் முடியாத காரியம் இது. தத்ரூபத்தைவிட இந்த அளவுக் கட்டுப்பாடுதான் கருவியின் உண்மையான பலம் என்பது என் கணிப்பு. இன்னொன்று அந்த முதல் காட்சி. விமானம் மோதாமல் போகும் காலைப் பொழுது. அந்தப் பெண்ணின் மனதில் 'விமானம்' என்றால் இனி ஒரே ஒரு முடிவுதான். அதை அவிழ்க்கும் முதல் முயற்சி, எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையைக் காட்டுவது. யார் யோசித்ததோ தெரியாது, சிகிச்சை தெரிந்தவர் யோசித்தது என்பது மட்டும் தெரிகிறது.

அந்த 90 சதவீதம்

எண்களுக்கு வருவோம். பிடிஎஸ்டியை அளந்தது கேப்ஸ் என்ற நேர்காணல் அளவுகோல். மருத்துவர் நேரில் கேட்டு, அன்றைய வரையறைப்படி பதினேழு அறிகுறிகள் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு தீவிரம் என்று மதிப்பெண் போடுவார். மனச்சோர்வுக்குப் பெக் அளவுகோல், 21 கேள்விகள், நோயாளியே நிரப்புவது. இரண்டும் உலகமெங்கும் பயன்பட்டவை. அளந்த விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரே நபர். ஒப்பிட வேறு ஆள் இல்லை. கட்டுரை இவருக்கு இருந்ததை 'தீவிர நிலை பிடிஎஸ்டி' என்று வகைப்படுத்துகிறது. அன்றைய வரையறையில் அறிகுறிகள் தொடங்கி மூன்று மாதத்துக்குள் இருக்கும் நிலையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் சிகிச்சையே இல்லாமலும் தேறுவார்கள். முன்பு செய்த கற்பனை முறை மெதுவாக வேலை செய்து பலன் பிந்தி வந்திருக்கவும் வாய்ப்புண்டு. புதுக் கருவி என்றதும் நோயாளிக்கு ஏற்படும் நம்பிக்கையும் ஒரு மருந்துதான். இதையெல்லாம் ஒரு நபர் அறிக்கையால் பிரித்துக் காட்ட முடியாது. ஆசிரியர்களும் அதை மறைக்கவில்லை. நிகழ்வு அறிக்கை இயல்பிலேயே முடிவான ஆதாரம் ஆகாது என்று சுருக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த வரியை விட்டுவிட்டு 90ஐ மட்டும் தூக்கிக்கொண்டு போனது மற்றவர்கள் வேலை.

ஒப்பீட்டுக்கு மூன்று ஆண்டு முன்னால் வந்த இன்னொரு அறிக்கை இருக்கிறது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் பார்பரா ராத்பாமும், ஜார்ஜியா டெக்கின் லாரி ஹாட்ஜஸும் உருவாக்கிய 'வர்ச்சுவல் வியட்நாம்'. அதில் ஐம்பது வயது முன்னாள் படைவீரர் ஒருவர். ஹெலிகாப்டரில் வியட்நாம் மேலே பறக்கும் காட்சி ஒன்று, காட்டுக்கு நடுவே வெட்டவெளி ஒன்று. சிகிச்சை முடிவில் மருத்துவர் அளவீட்டில் 34 சதவீதமும், அவரே போட்ட மதிப்பீட்டில் 45 சதவீதமும் குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. அவருடைய காயம் கால் நூற்றாண்டுக்கு மேல் பழையது, நியூயார்க் பெண்ணுடையது புதியது. 34க்கும் 90க்கும் இடையில் இருக்கும் தூரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும், மென்பொருளுக்கு அல்ல.

அழிந்ததா, அடங்கியதா

அந்தப் பெண்ணுக்கு நினைவு அழிந்துபோனதா? இல்லை. அழிக்க யாரும் முயலவும் இல்லை.

2000ஆம் ஆண்டில், அதே நியூயார்க் நகரத்தில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒலியைக் கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலிக்கு அந்த ஒலியை மறுபடி கேட்கச் செய்து, உடனே மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் எலிக்கு அந்தப் பயம் பெரும்பாலும் போயிருந்தது. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பயம் அப்படியே இருந்தது. நினைவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்ச நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது என்பது இதன் சாரம். விஆர் சிகிச்சையைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் சோதனையைக் கொண்டுவந்து ஒட்டி, 'நினைவைத் திருத்தி எழுதும் கருவி' என்று தலைப்புப் போடுவார்கள். அது அவசரம்.

இந்த வகைச் சிகிச்சைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம் வேறு. பழைய பயம் அப்படியே கிடக்கிறது. அதன் பக்கத்தில் 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய நினைவொன்று வளர்கிறது. இரண்டும் போட்டி போடும். புதியது ஜெயித்தால் நோயாளி நிம்மதி. இடம் மாறினாலோ நீண்ட நாள் ஆனாலோ பழையது தலை தூக்கலாம் என்பதும் இதே விளக்கத்துக்குள் அடக்கம்.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை இல்லை. இந்தக் கற்றலுக்கு மருந்தால் உதவ முடியுமா என்று பார்க்க விஆர் வசதியான களமாயிற்று. கண்ணாடி மின்தூக்கியில் ஏறும் மெய்நிகர் அனுபவம் எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே நேரம். 2004இல் எமரியில் கெர்ரி ரெஸ்லரும் ராத்பாமும் மற்றவர்களும் உயரத்துக்குப் பயப்படுபவர்களுக்கு டி-சைக்ளோசெரின் கொடுத்துப் பார்த்தார்கள். அது பழைய காசநோய் மருந்து. கற்றலுக்குக் கை கொடுப்பதாகத் தெரிந்தது. பிறகு பிடிஎஸ்டியில் கதை குழம்பியது. 2014இல் டிஃபீடே குழு 25 பேரிடம் செய்த ஆய்வில், சிகிச்சை முடிவில் நோயிலிருந்து விடுபட்டவர்கள் மருந்தெடுத்தவர்களில் 46 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம். அதே ஆண்டில் ராத்பாம் குழு ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய 156 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் அந்த மருந்துக்கு மொத்தத்தில் மேன்மை தெரியவில்லை. அதே ஆய்வில் இன்னொரு பிரிவினருக்கு அமர்வுக்கு முன் அல்பிரசோலம் கொடுத்திருந்தார்கள், பதற்றத்தை அடக்கும் மாத்திரை. அவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிடப் பின்தங்கினார்கள். பயத்தை மழுக்கிவிட்டால் கற்க வேண்டியது கற்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

யாருடைய காட்சி?

இந்த நிகழ்வில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. கணினியில் கட்டிய காட்சி, தெருவில் நின்ற ஒருவர் பார்த்த கோணத்திலிருந்து எல்லாவற்றையும் காட்டுகிறது. இரண்டு விமானங்கள், இரண்டு சரிவுகள், எல்லாம் தெளிவாக. அன்று காலை 8.46க்கு முதல் விமானம் மோதியதிலிருந்து 10.28க்கு வடக்குக் கோபுரம் விழுந்தது வரை அத்தனையையும் தன் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மீதியைத் தொலைக்காட்சி நிரப்பியது. சிகிச்சை என்ற பெயரில் ஒருவர் பார்க்காததையும் அவர் நினைவுக்குள் சேர்த்துவிடுவோமா?

இது வீண் கவலை இல்லை என்பதற்கு அதே நாளிலிருந்தே சாட்சி எடுக்கலாம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் டலரிக்கோவும் டேவிட் ரூபினும் செப்டம்பர் 12ஆம் தேதியே 54 மாணவர்களிடம், நேற்று செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கி வைத்தார்கள். கூடவே அதே நாட்களில் நடந்த ஒரு சாதாரண சம்பவத்தையும் எழுதச் சொன்னார்கள். ஒரு வாரம், ஆறு வாரம், 32 வாரம் என்று வெவ்வேறு இடைவெளியில் மறுபடி கேட்டபோது, இரண்டு நினைவுகளும் ஒரே அளவில்தான் தேய்ந்திருந்தன. தாக்குதல் நினைவில் குறையாமல் நின்றது 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்ற உறுதி மட்டும். ஜார்ஜ் புஷ்ஷையே எடுத்துக்கொள்ளலாம். 2001 டிசம்பரில் ஒரு கூட்டத்தில், ஃப்ளோரிடா பள்ளி வகுப்பறைக்குள் நுழையும் முன் முதல் விமானம் மோதுவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் காட்சி அந்த நேரத்தில் எந்தச் சேனலிலும் ஓடவில்லை. சதி என்று கிளம்பியவர்கள் கிளம்பினார்கள். நினைவாய்வாளர்களுக்கு அது பாடப்புத்தக உதாரணம்: பிற்பாடு பார்த்த படம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

விஆர் இந்தக் கலப்பைக் கூட்டுமா? ஸ்டான்ஃபோர்டின் கேத்ரின் செகோவியாவும் ஜெரமி பெய்லன்சனும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். குழந்தைகளுக்கு, அவர்களைப் போன்றே தோற்றம் கொண்ட உருவம் கொலைத் திமிங்கிலங்களோடு நீந்துவதை விஆரில் காட்டினார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் நான் நிஜமாகவே நீந்தினேன் என்றார்கள். இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த பாதியைச் சொல்வதில்லை. ஹெட்செட்டே இல்லாமல், 'நீ திமிங்கிலத்தோடு நீந்துவதாகக் கற்பனை செய்' என்று மட்டும் சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கும் அதேபோலப் பொய் நினைவு கூடியது. அதைவிடச் சின்னக் குழந்தைகளிடம் எந்த வழியில் சொன்னாலும் வித்தியாசமே இல்லை. ஆக, கண்ணை மூடச் சொல்லும் பழைய முறையும் இந்த விஷயத்தில் சுத்தம் என்று சொல்ல முடியாது.

படம் யார் கதையைப் பின்தொடர்கிறது என்பதில்தான் வேறுபாடு. நோயாளி தன் கதையைச் சொல்ல, சிகிச்சையாளர் அதற்கேற்ற காட்சியைத் தட்டினால், படம் வெறும் தூண்டுகோல். நிரல் தன் வரிசையில் ஓட, நோயாளி அதைத் தன் கதையாக ஏற்றுக்கொண்டால், அங்கே ஆபத்து. நியூயார்க் அமர்வுகளில் படிகள் முன்பே வகுக்கப்பட்டவை, சொல்லும் வாய் நோயாளியுடையது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

பெரிய ஆய்வுகளில்

2007இல் டிஃபீடே குழு அதே மெய்நிகர்க் கோபுரங்களைக் கொண்டு அடுத்த படியை வைத்தது. விஆர் சிகிச்சை பெற்றவர்கள் 13 பேர், காத்திருப்புப் பட்டியலில் 8 பேர். விஆர் குழுவில் பத்தில் ஏழு பேருக்கு நோய் அடையாளம் நீங்கியது, காத்திருந்தவர்களில் ஒருவருக்கும் நீங்கவில்லை. ஏற்கெனவே கற்பனை முறையில் பலன் காணாதவர்களும் விஆர் குழுவில் இருந்தார்கள்.

பிறகு ஈராக். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்கிப் ரிஸ்ஸோ, 'ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்' என்ற போர் விளையாட்டின் காட்சிகளை எடுத்து 'வர்ச்சுவல் ஈராக்' அமைத்தார். காலடியில் அதிரும் மேடை, டீசல் வாசனையும் எரியும் ரப்பர் வாசனையும் விடும் கருவி எல்லாம் சேர்ந்தது. முதலில் சிகிச்சையை முடித்த 20 பேரில் 16 பேருக்கு நோய் வரையறைக்குக் கீழே மதிப்பெண் வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. 2016இல் கிரெக் ரெகர் குழு 162 படைவீரர்களைச் சீட்டுக் குலுக்கி மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, விஆர் முறையையும் கண்ணை மூடிச் சொல்லும் முறையையும் நேருக்கு நேர் மோதவிட்டது. விஆர் ஜெயிக்கவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கண்ணை மூடிச் சொன்னவர்களே கூடத் தேறியிருந்தார்கள்.

வாசனை வரை கொண்டுவந்த கருவி ஏன் தோற்றது? என் ஊகம் இது: செப்டம்பர் 11 ஒரே காட்சி. லட்சக்கணக்கானவர்கள் பார்த்த அதே இரண்டு கோபுரங்கள், அதே வரிசை. ஒருமுறை கட்டினால் பலருக்கும் பொருந்தும். போர் அப்படியில்லை. ஒருவருக்குப் பாலத்தடியில் வெடித்த குண்டு, இன்னொருவருக்குச் சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த கார், வேறொருவருக்கு நண்பனின் கை. பொதுவான பாலைவனச் சாலையில் ஓட்டிப் போகும் ஹம்வி ராணுவ வண்டி எதற்கும் பக்கத்தில் வரும், எதற்கும் சரியாகப் பொருந்தாது. தன் நினைவைத் தானே தெளிவாக எடுக்கத் தெரிந்தவருக்கு, பொருந்தாத படம் உதவியைவிட இடைஞ்சல்.

2022இல் டிஃபீடே, ராத்பாம், ரிஸ்ஸோ மூவரும் சேர்ந்து 192 பேரிடம் நடத்திய ஆய்வு இந்த ஊகத்துக்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. மொத்தத்தில் இரண்டு முறைகளும் சமம். மனச்சோர்வு இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது அவர்களுக்கு விஆர் கூடுதலாகப் பலன் தந்தது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்குக் கற்பனை முறையே மேல். மனச்சோர்வு ஆளை மரத்துப்போக வைக்கும், நினைத்துப் பார்க்கவே தெம்பிருக்காது. அப்படிப்பட்டவருக்கு வெளியிலிருந்து ஒரு தள்ளு தேவைப்படுகிறது. மற்றவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

ஆகவே ஹெட்செட்டை எடுக்கும் முன் சிகிச்சையாளர் செய்ய வேண்டியவை என்று நான் நினைப்பது இரண்டு. பெக் மதிப்பெண்ணைப் பார்ப்பது, கண்ணை மூடிச் சொல்லும்போது உணர்ச்சி வருகிறதா என்று சில அமர்வு பொறுத்துப் பார்ப்பது, இது முதலாவது. இரண்டாவது, முதல் காட்சியை ஓட்டுவதற்கு முன்பே நோயாளியின் வாய்மொழியை அவர் சொன்னபடி, தேதி போட்டுப் பதிவு செய்து வைப்பது. ஆறு மாதம் கழித்து அவர் சொல்லும் கதையில் புதிதாக ஒரு விமானமோ ஓர் அலறலோ முளைத்திருந்தால், அது அவருடையதா நிரலுடையதா என்று பார்க்க அந்தப் பதிவு ஒன்றுதான் கையில் இருக்கும்.